முப்பது வீடுகளில் ஒரு குரல்

வேலையை விட்டு வந்த பிறகும் மதுரை அலுவலகத்திலிருந்து அழைப்பு வருவது நிற்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் கூப்பிடுகிறார்கள். எந்தத் துண்டை எந்த வீட்டுப் பெட்டிக்கு அனுப்புவது என்பதை இப்போதெல்லாம் கணினி நிரலே முடிவு செய்துவிடுகிறதாம். பைக்கில் ஊர் ஊராக அலைந்து பார்த்த கடைசி ஆள் நீங்கள்தான், அந்தக் காலத்தைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அந்தக் காலம் என்கிறார்களே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. எனக்கு எல்லாம் நேற்றுச் சாயங்காலம் நடந்தது போலத்தான் இருக்கிறது.

எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள். "நீங்க பேனாவத் தூக்குனா பாதியில கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கிருவீக." அவள் சொல்வதில் தப்பில்லை. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. கையில் வேலை ஓடிக்கொண்டிருக்கும், மனசு வேறு எங்கோ மிதந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் இதற்காக முட்டி போட்டிருக்கிறேன். பிழைப்புக்கு மட்டும் அது ஒருபோதும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

நான் முதலில் தொலைபேசிக் கம்பி இணைக்கும் வேலையில் இருந்தேன். மண்ணைத் தோண்டி, தடித்த கேபிளை அறுத்து, தலைமுடி போலக் கிடக்கும் கம்பிகளை நிறம் பார்த்து நிறம் சேர்த்து முறுக்குவது. பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு மில்லின் கணினி அறையில் சில ஆண்டுகள் குளிரில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டையும் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. தலை நரைக்கும் வயதில்தான் இந்தச் சேமிப்பு வலைக்கு வந்தேன். எனக்குப் பிடித்த வேலை அமைந்தது அப்போதுதான்.

வேலை இதுதான். ஒருவர் தன் படத்தையோ கணக்கையோ பேச்சையோ பத்திரப்படுத்தக் கொடுப்பார். பெரிய கட்டடம் ஒன்றில் கொண்டுபோய் அடைத்து வைப்பது எங்கள் முறை அல்ல. அதை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, முப்பது துண்டுகளாக்கி, முப்பது வீடுகளில் இருக்கும் சின்னப் பெட்டிகளுக்கு அனுப்பிவிடுவோம். சாப்பாட்டுத் தூக்குவாளி அளவுதான் பெட்டி. உள்ளே தகவல் பதியும் ஒரு வட்டு, வெளியே ஒரு பச்சை விளக்கு, பின்னால் மின்சார வயரும் நெட் வயரும். முப்பதில் எந்தப் பத்துத் துண்டு கையில் கிடைத்தாலும் முழுப் பொருளையும் திரும்பக் கட்டிவிடலாம். அதனால் இருபது வீடு வரைக்கும் இல்லாமல் போனாலும் கவலையில்லை. பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு மாதம் ஒரு சின்னத் தொகை போகும்.

ஆரம்பத்தில் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸில் 'மேகத்தில் உங்கள் தகவல்' என்று போட்டிருந்தார்கள். திருச்சுழிப் பக்கம் அதைக் கொண்டுபோய் நீட்டினால், மேகத்தை நம்பி விதைத்து விதைத்து அலுத்துப்போனவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுல ஒரு பொட்டி வைக்கணும்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். அதற்கு இடம் கொடுத்தார்கள்.

எங்கள் மேலாளர் கலைவாணி மேடம். என்னைவிட இருபது வயதாவது இளையவர். மதுரையில் உட்கார்ந்திருப்பார், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவசரமான செய்தியைச் சொன்னால் அவர் பேச்சு இன்னும் மெதுவாகிவிடும். எதிர்முனையில் முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றுவிட்டால் விஷயம் கெட்டுப்போய்விட்டது என்று நான் தெரிந்துகொள்வேன்.

சேர்ந்த புதிதில் அவர் எனக்குச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. அருப்புக்கோட்டையில் ஒரு தையல் கடையில் வைத்திருந்த பெட்டி, கேட்கும்போதெல்லாம் 'துண்டு இருக்கிறது' என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தது. ஒருநாள் உண்மையிலேயே தேவைப்பட்டு எடுக்கப் போனால் வட்டு எப்போதோ செத்துக் கிடக்கிறது. துண்டுகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் உயிரோடு இருந்து பதில் சொல்லியிருக்கிறது. நான் அசடு வழிந்துகொண்டு போன் செய்தேன்.

"அண்ணே, வச்சிருக்கியான்னு பொட்டியக் கேக்காதீக. இருக்குன்னுதான் சொல்லும். படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

அப்புறம் அதுவே எங்கள் முறையாயிற்று. திடீர் திடீரென்று ஒரு பெட்டியைக் கூப்பிட்டு, உன்னிடம் இருக்கும் இந்தத் துண்டில் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை வாசி என்று கேட்போம். எந்த இடம் என்பது அந்த நொடி வரை யாருக்கும் தெரியாது. ஒழுங்காக வாசித்தால் விட்டுவிடுவோம். திணறினால் நான் பைக்கை எடுப்பேன்.

பரளச்சிச் சாலையில் பகல் வெயிலில் போகும்போது தார் ரோட்டின் மேல் தண்ணீர் நெளிவது போலக் கானல் ஓடும். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்கும். கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து வீடுகள் தெரியும். அந்த வீடுகளில் யாருடையதோ கல்யாணம், யாருடையதோ ரத்தப் பரிசோதனை, யாரோ ஒருவர் படித்த பட்டம் எல்லாம் துண்டு துண்டாக உறங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அரிசி மூட்டைக்கு மேலே ஒரு துண்டு, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு துண்டு. வீட்டுக்காரருக்கும் அது என்னவென்று தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நினைப்பில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. திரும்ப வேண்டிய ஊரை விட்டுவிட்டு வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு.

வீடுகளைத் தேர்ந்தெடுக்க எங்களிடம் ஒரு வரைபடம் இருந்தது. ஒரே ஊரில் பல பெட்டிகள் கூடாது, ஒரே மின்மாற்றியின் கீழ் கூடாது, ஒரே கைப்பேசிக் கோபுரத்தை நம்பி இருக்கக் கூடாது. ஒன்று விழுந்தால் மற்றது விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. யாரை நம்பி வைப்பது என்பதற்கு மட்டும் வரைபடத்தில் விடை இல்லை. அதற்கு ஊரில் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். ஒரு நல்ல மனிதரிடம் கேட்போம், பக்கத்து ஊரில் யார் நாணயமானவர் என்று. அவர் ஒரு பெயர் சொல்வார். அவரிடம் அடுத்த ஊருக்குக் கேட்போம், அவர் இன்னொரு பெயர் சொல்வார். அப்படியே ஊர் ஊராகப் போய், வரைபடம் முழுக்கப் புள்ளிகளாக நிரம்பியது. மழை நன்றாகப் பெய்த வருஷத்துக் காடு போல அழகாக இருக்கிறது என்று மேடமே சொன்னார்.

அடுத்து வந்த மாசி மாதம்தான், வலை விரித்த பிறகு எங்களுக்கு முதல் மாசி.

வேலுச்சாமியை எனக்கு முன்பே தெரியும். தெரியும் என்றால் பழக்கம் இல்லை, காதால் தெரியும். காரியாபட்டிக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுபவர். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது சந்தைக்குள்ளிருந்து அவர் குரல் வரும். கனத்த, கடைசி எழுத்தை ஒரு இழுப்பு இழுத்து விடும் குரல். மதுரை பஸ் வந்ததையும் கவனிக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

எடுப்பதற்கு முன்னால் மதுரை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். வேலுச்சாமியைப் பல நாள் வரவழைத்துப் பேச வைத்து, குரல் முழுவதையும் பதிவு செய்துகொண்டார். அந்தப் பதிவைக் கொண்டு ஒரு கருவி செய்யலாம், இவர் விரலால் எழுத்தைத் தட்டினால் அது இவர் குரலிலேயே பேசும். பதிவை எங்களிடம் பத்திரமாகப் போட்டார்கள். எங்களை நம்பி, கணினியில் இடம் போதாமல், அங்கே இருந்ததை அழித்தும்விட்டார்கள். மற்றவர்கள் எங்களிடம் போட்டதற்கெல்லாம் மூலப் பிரதி அவரவரிடம் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. திரும்பப் பேச வைத்துப் பதிவு செய்யவும் வழி இல்லை.

அந்த மாசியில் ஒரு காலை, வேலுச்சாமியும் அவர் மனைவி பாக்கியமும் பஸ் பிடித்து, நான் இருந்த அருப்புக்கோட்டை அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். அவர் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து என் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள்தான் பேசினாள்.

"கருவி செய்யப் போறோம், பதிவக் கேட்டோம், வரல்லைன்னு ஆஸ்பத்திரில சொல்லுறாக. அவுக குரலு உங்ககிட்டதான் இருக்குன்னாக. அதான் நேரா வந்துட்டோம்."

"இருக்கும்மா. ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டுத் திரையில் தேடினேன். முப்பது துண்டுகளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வீரசோழனில் உரக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பெட்டி உடனே வாசித்தது. அவர் பெயர் சொன்ன அடுத்த ஊர்ப் பெட்டிகள் சிலவும் வாசித்தன. டவுன்களில் இன்வெர்ட்டர் உள்ள கடைகள் வாசித்தன. மற்ற ஊர்கள் எல்லாம் இருட்டாகக் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. இன்னொரு முறை கேட்டேன். அதே ஒன்பது.

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. வேறு வேறு ஊர், வேறு வேறு மின்மாற்றி, வேறு வேறு கோபுரம். எல்லாம் எப்படி ஒன்றாக அணையும்? பாக்கியம் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"ஊருல ஆளே இல்லையேண்ணே. வர்ற வழியெல்லாம் வீடு பூட்டிக் கெடக்கு. எல்லாரும் களரிக்குப் போயிருக்காக."

மாசிக் களரி என்றால் குலசாமி கும்பிடுவது. ஒரே சாமியைக் கும்பிடும் பங்காளிகள் எந்த ஊரில் குடியிருந்தாலும் அந்த நாட்களில் கோயில் காட்டில் வந்து கூடிவிடுவார்கள். கோயம்புத்தூரில் இருப்பவர்கள்கூட வருவார்கள். போகும்போது வீட்டைப் பூட்டி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். நாங்கள் நாணயமானவர் யார் என்று கேட்டபோது ஒவ்வொருவரும் மனதார நம்பிச் சொன்ன பெயர் தன் பங்காளியின் பெயர். வரைபடத்தில் ஊர் தள்ளி ஊர் என்று சிதறிக் கிடந்த எங்கள் வீடுகள் எல்லாம் ஒரே கோயில் காட்டில் ஒரே அடுப்பில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தன.

சரி, திரும்பி வந்தால் மெயினைப் போடுவார்கள், துண்டுகள் வந்துவிடும் என்று எண்ணி மேடத்துக்குப் போன் போட்டேன். முறுக்குச் சத்தம் கேட்டது. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அது நின்றது.

"அண்ணே, பச்ச விளக்கு வந்தாச் சந்தோசப்படாதீக" என்றார் மெதுவாக.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. சமீபத்தில் பெட்டிகளுக்குப் புது நிரல் ஏற்றியிருந்தோம். குறிப்பிட்ட கெடுவுக்குள் ஒரு பெட்டி பதில் சொல்லவில்லையென்றால் அது செத்ததாகக் கணக்கு. கெடு தாண்டி அது திரும்ப எழுந்து வலையோடு சேர்ந்தால், தன்னிடம் இருக்கும் பழைய துண்டுகளைத் தானாகத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். அதற்குள் அந்தத் துண்டுகளை மற்ற பெட்டிகளில் மறுபடி செய்து வைத்திருப்போம், பழசு எதற்கு என்பது அதன் நியாயம். ஆனால் மறுபடி செய்யப் பத்துத் துண்டு வேண்டும். எங்களிடம் இருப்பது ஒன்பது. அது பெட்டிக்குத் தெரியாது. கெடு முந்தின நாளே முடிந்துவிட்டிருந்தது.

"இங்க இருந்து நிறுத்த முடியாதா மேடம்?"

"முடியாதுண்ணே. மையமா ஒரு இடம் இருந்தாத்தான நிறுத்த? ஒவ்வொரு பொட்டியும் தானா முடிவெடுக்கும். புது நிரல் அனுப்பினாலும், எந்திரிச்சதும் மொதல் காரியமாத் தொடச்சிட்டுத்தான் அத வாங்கும்."

தலைமை என்று ஒருவர் இல்லாத வலை என்று நோட்டீஸில் பெருமையாகப் போட்டிருந்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் இரண்டு புள்ளிகள் பச்சையாயின. யாரோ இரண்டு வீட்டார் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். வாசி என்றேன். இரண்டும் 'என்னிடம் ஒன்றும் இல்லை' என்றன. பெட்டி அவ்வளவு நேர்மையாக இருப்பதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது.

வேலுச்சாமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச முடியாதவர்கள் முகம் படிப்பதில் கெட்டிக்காரர்களாகிவிடுகிறார்கள் போலும். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஒரு துண்டு கொறையுதுய்யா. அதத் தேடிப் போறேன்" என்றேன்.

அவர் கையை நீட்டி என் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைச் சரி செய்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தமோ தெரியவில்லை.

களரி நடக்கும் இடம் திருச்சுழிக்கு அந்தப் பக்கம், ஒரு கண்மாய்க்கரையை ஒட்டிய பனங்காடு. போன் போட்டுப் பார்த்தேன், அத்தனை கூட்டத்தில் ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. பைக்கை எடுத்தேன். அன்று கானலைக்கூடப் பார்க்கவில்லை. எதிரே சாமான்களோடும் பொங்கல் பானைகளோடும் வேன்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வேன் என்னைத் தாண்டிப் போகும்போதும், இதில் யார் வீட்டுக்குப் போய் மெயினைப் போடப்போகிறார்களோ என்று பதறினேன். ஒரு வேனைக் கை காட்டி நிறுத்தப் பார்த்தேன். அவர்கள் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள்.

காட்டுக்குள் பந்தல்களும் புகையும் கிடா வாடையும். பனைமரங்களில் குழாய் கட்டி மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. மைக் செட்டுக்காரர் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"ஒரு அறிவிப்பு செய்யணும்" என்றேன்.

"காணாமப் போன பிள்ளையாண்ணே?"

"பிள்ளை இல்ல. குரலு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார். நான் அதற்கு முன் மைக்கில் பேசியதில்லை. என் குரலே எனக்கு எங்கோ கண்மாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"நம்ம சேமிப்புப் பொட்டி வச்சிருக்க வீட்டுக்காரவுக தயவுசெஞ்சு கவனிக்கணும். வீட்டுக்குப் போனதும் மெயினப் போட்டுறாதீக. மொதல்ல பொட்டியோட நெட்டு வயரப் புடுங்கிருங்க. அதுக்குப் பெறவு மெயினப் போடுங்க. போட்டுறாதீகய்யா."

கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மெயினைப் போட்டால் ஷாக் அடிக்குமா என்று ஒருவர் கேட்டார். சாமி குற்றமா என்று ஒருவர். ஒரு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இம்புட்டு நாளா மெயின அணைக்காதீக, அணைக்காதீகன்னு எங்க உசுர எடுத்தீக. இன்னைக்கு வந்து போடாதீகங்கிறீக. ஒரு பேச்சுல நில்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு ஒரு நாளாக இருந்தால். காரியாபட்டி ஏலக்காரர் குரல் போகப்போகிறது என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. காய்கறிக் காடு வைத்திருக்கும் யாருக்கும் அவரைத் தெரியாமல் இல்லை. ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு லைன் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினார்கள், முன்னால் கிளம்பிப் போன வேன்களைப் பிடிக்க.

அப்போது பரளச்சிக் காளிமுத்து வந்தார். அவர் வீட்டிலும் எங்கள் பெட்டி ஒன்று இருந்தது. விவசாயம் பார்க்கும் சம்சாரி, அதிகம் பேசமாட்டார். என் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு போனார்.

"அண்ணே, ஏசக் கூடாது."

"என்ன காளிமுத்து?"

"எங்க வீட்டுப் பொட்டி வீட்டுல இல்ல. இங்கன இருக்கு."

அந்தக் குலசாமிக்கு ஒரு மரப்பெட்டி உண்டு. சாமியின் நகையும் பட்டும் அதற்குள் இருக்கும். வருஷம் முழுக்க அது ஒரு பங்காளி வீட்டில் இருந்துவிட்டு, களரி அன்று தலைச்சுமையாகக் கோயிலுக்கு வரும். அந்த முறை காளிமுத்து வீட்டில் இருந்தது. சாமிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டும்போது எங்கள் பெட்டி அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"ஊருச் சாமான் நம்மள நம்பிக் கொடுத்தது. பூட்டுன வீட்டுல தனியாக் கெடந்தா மனசு கேக்கல. வயரக் கழட்டி இதையும் வேன்ல ஏத்திட்டேன். எடம் மாத்தக் கூடாதுன்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. தப்புத்தான்."

பெட்டியை எக்காரணம் கொண்டும் நகர்த்தக் கூடாது என்பது எங்கள் முதல் நிபந்தனை. எத்தனையோ பேரை அதற்காகக் கடிந்துகொண்டிருக்கிறேன். காளிமுத்து என்னைச் சாமி பீடத்துக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார். மரப்பெட்டிக்கு அருகில், மஞ்சள் நனைத்த புதுத் துண்டில் சுற்றி, மேலே திருநீறு பூசி, ஒரு அரளிப் பூ செருகி, எங்கள் பெட்டி உட்கார்ந்திருந்தது. மின்சாரமும் இல்லை, நெட்டும் இல்லை, வலை அதைத் தொட்டிருக்க வழியே இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காளிமுத்து பயந்துபோய், "தண்ணி குடிக்கீகளாண்ணே" என்றார். நான் சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

காளிமுத்து பைக்கின் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். சாமி பொருளைக் கொண்டுபோவது போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மெதுவாகத்தான் ஓட்டினேன், குலுங்கினால் வட்டுக்கு ஆகாது. வெயில் வெள்ளையாக விரிந்து கிடந்தது. கானல் திரும்ப வந்தது. இந்த மனிதரின் மடியில் இன்னொரு மனிதரின் குரலில் ஒரு பங்கு இருக்கிறது, அது 'அ'வா 'ஆ'வா, கோபமா சிரிப்பா, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டே போனேன். கனவுக்குள் பைக் ஓட்டுவது போலிருந்தது. அருப்புக்கோட்டை வந்ததே தெரியவில்லை.

அலுவலகத்தில் பாக்கியமும் வேலுச்சாமியும் இல்லை. கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். நெட் வயரைத் தொடாமல் மின்சாரம் மட்டும் கொடுத்து, பெட்டியை நேராக என் கணினியில் இணைத்தேன். வட்டு ஒரு முறை 'டக்' என்றது. இன்னொரு முறை. திருநீறு காற்றுத் துவாரத்துக்குள் போயிருந்தது. ஒரு தூரிகையால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். மேடம் போனில் இருந்தார்.

"எந்திரிச்சிருச்சு மேடம். துண்டு இருக்கு."

"படிக்கச் சொல்லுங்கண்ணே."

வாசி என்றேன். பெட்டி யோசித்தது. பிறகு முதலிலிருந்து கடைசி வரை ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தது.

பத்துத் துண்டும் சேர்ந்து, பூட்டுத் திறந்து, பதிவு முழுசாக எழுந்தது. சரிதானா என்று பார்க்க ஒரு இடத்தை மட்டும் ஓட விட்டேன். பயிற்சியாளர் கொடுத்த வாக்கியங்களுக்கு நடுவே சலித்துப்போய், வேலுச்சாமி தன் ஏலத்தையே கூற ஆரம்பித்திருந்தார். 'வாங்கய்யா வாங்க, கத்திரிக்கா, ஒரு தரம்…' என்று அந்தக் கடைசி எழுத்தை இழுத்து விட்டார். காளிமுத்து சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். தன் காட்டுக் கத்திரிக்காய் ஏலம் போவதாக நினைத்துவிட்டாரோ என்னவோ. "திரும்ப முப்பதும் ஆக்கிருங்கண்ணே" என்றார் மேடம் போனில்.

ஆக்கினோம். பனங்காட்டில் கேட்டவர்கள் சொன்னபடி வயரைப் பிடுங்கியதில் இன்னும் சில துண்டுகளும் பிழைத்தன. அதற்குப் பிறகு பெட்டி வைக்கப் போகும் வீட்டில் ஊர், மின்மாற்றி, கோபுரம் மூன்றோடு நான்காவதாக ஒன்றும் கேட்கத் தொடங்கினேன். மாசிக்கு எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று. மதுரையில் சிலர் இது சாதி கேட்பது போல ஆகாதா என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நல்லதுதான். அதனால் சாமி பெயரை எழுதுவதில்லை, எந்த வீடுகள் ஒன்றாகப் பூட்டிக் கிடக்கும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம். துடைக்கும் நிரலையும் மேடம் மாற்றினார், பத்துத் துண்டு வேறு எங்காவது வாசிக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் எந்தப் பெட்டியும் எதையும் அழிக்கக் கூடாதென்று. இன்றைக்கு உங்கள் நிரல் தானாகச் செய்கிறதே, அதற்குள் இதெல்லாம் இருக்கிறது.

கருவி தயாராகக் கொஞ்ச மாதங்கள் ஆயின. வேலுச்சாமி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தட்டிப் பழகிக்கொண்டார். அங்கே பழகியதெல்லாம் ஏதோ ஒரு பொதுக்குரலில். அவர் குரல் ஏற்றிய கருவி ஒருநாள் வந்து சேர்ந்தது. நான் மதுரையில் இருந்ததால், போகும் வழிதானே, கொடுத்துவிடுங்கள் என்று பயிற்சியாளர் என் கையில் கொடுத்தார். காரியாபட்டியில் இறங்கி வீட்டைத் தேடிப் போனேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். கருவியைக் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் பாக்கியம் பாத்திரம் விளக்கும் சத்தம் கேட்டது. கூப்பிடட்டுமா என்று நான் வாயைத் திறந்தேன். அவர் உதட்டில் விரல் வைத்து என்னை நிறுத்தினார். கண்ணில் ஒரு குறும்பு. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்து, அழுத்தினார்.

"ஏ பாக்கியம்! யாரு வந்திருக்காகன்னு பாரு!"

"இந்தா வாரேன். ஏன் இப்படிக் கத்துறீக? தெருவே கேக்குது" என்றாள் அந்த அம்மாள் பின்னாலிருந்து, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே.

பிறகு தேய்க்கும் சத்தம் நின்றுபோனது. தெருவில் ஒரு ஆட்டோ போனது. அவள் ஈரக் கையோடு, சாம்பலும் நாருமாக, நடுவாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கக் கத்துங்க" என்றாள்.